ஆண்டுக்கு ஒரு டாலர்

நமது சங்கத்தின் ஆண்டு விழா நெருங்கும்போதெல்லாம் ரசீதுப் புத்தகமும் கையுமாகக் காலனியில் வீடு வீடாக ஏறி இறங்கும் பணி, பெரும்பாலும் என்னைப் போன்ற குமாஸ்தாக்களின் தலையிலேயே விழுகிறது. சில வீடுகளில் காப்பியும் கிடைக்கும், பணமும் கிடைக்கும். சில வீடுகளில் காப்பி மட்டும் கிடைக்கும். அவ்வாறு அலைந்து திரும்பிய ஒரு மாலையில், நாம் பிழைக்க வந்திருக்கும் இந்தப் பூனா நகரின் பழைய கதையொன்று நினைவுக்கு வந்தது. 130 ஆண்டுகளுக்கும் முன்னர், கடலுக்கு அப்பால் இருந்த பெண்கள் தம் வீட்டுக் கூடங்களில் கூடிச் சேர்த்த காசில் இங்கே ஒரு பள்ளி நடந்தது.

அப்பள்ளியை நிறுவிய பண்டித ரமாபாய் 1858-இல் பிறந்தவர். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்ரே, ஊராரின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது தம் மனைவிக்கு வடமொழி கற்பித்தவர்; அந்தத் தாயிடமே ரமாபாயும் கற்றார். க்ஷேத்திரம் தோறும் புராணம் படித்து வாழ்ந்த அக்குடும்பம், 1870களில் சென்னை ராஜதானியைப் பஞ்சம் வாட்டியபோது தென்னாட்டில் அலைந்துகொண்டிருந்தது. தாய், தந்தை, தமக்கை மூவரும் அப்பஞ்சத்தில் மாண்டனர். எஞ்சிய ரமாபாயும் தமையனாரும் கால்நடையாகவே வடக்கே சென்றனர். 1878-இல் கல்கத்தாப் பண்டிதர்கள் அவருடைய புலமையை வியந்து ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்னும் பட்டங்களை அளித்தனர். 1880-இல் மணம் புரிந்தார். 1882-இல் கணவரைக் காலரா கொண்டுபோயிற்று. கையில் ஒரு பெண் குழந்தை. 1883-இல் இங்கிலாந்து சென்று, அங்கே கிறிஸ்தவ சமயம் தழுவினார்.

1886-இல் ஆனந்திபாய் ஜோஷி பிலடெல்பியாவில் வைத்தியப் பட்டம் பெறுவதைக் காண அமெரிக்கா சென்றவர், அங்கேயே இரண்டாண்டுகளுக்கு மேல் தங்கிவிட்டார். மேல்சாதி இந்துப் பெண்களின் நிலை குறித்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1887-இல் வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பாஸ்டன் நகரில் ரமாபாய் சங்கம் தோன்றிற்று. இளம் விதவைகளுக்கான பள்ளியொன்றைப் பத்து ஆண்டுகள் தாங்குவது அதன் பொறுப்பு.

பணம் வந்த வழியைக் கவனிக்க வேண்டும். பெருந்தனவந்தர் ஒருவரை மட்டும் நம்பி அச்சங்கம் இருக்கவில்லை. ஊர்தோறும் ‘ரமாபாய் வட்டம்’ என்னும் சிறு குழுக்கள் கிளைத்தன. ஒரு வீட்டு அம்மையார் அண்டை அயலாரைத் தம் இல்லத்துக்கு அழைப்பார். இந்தியப் பெண்களைப் பற்றிப் படிப்பார்கள், பேசுவார்கள், சந்தா வசூலிப்பார்கள். உறுப்பினர் ஒருவர் ஆண்டுக்கு ஒரு டாலரேனும் தருவதாகப் பத்தாண்டுகளுக்கு வாக்களிப்பார். வசூல் அனுபவம் உள்ளவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு டாலர் பெரிதன்று, பத்தாண்டு என்பதே பெரிது. உருக்கமான பிரசங்கம் கேட்ட சூட்டில் பணம் தருவோர் எங்கும் உண்டு. பள்ளிக்கூடத்து அடுப்போ மாதந்தோறும் எரிய வேண்டும்!

ரமாபாய் 1888-இல் மேற்குக் கரைவரை பிரயாணம் செய்து, சான்பிரான்சிஸ்கோவில் கப்பலேறினார். 1889 மார்ச் 11-ஆம் தேதி பம்பாயில் ‘சாரதா சதன்’ திறக்கப்பட்டது. மறு ஆண்டே பூனாவுக்கு மாறியது.

மத விஷயத்தில் பள்ளி நடுநிலை வகிக்கும் என்பது வாக்குறுதி. ஆனால் ரமாபாயின் காலைப் பிரார்த்தனையில் மாணவியர் சிலர் தாமே வந்து அமர்ந்தனர். கதவை ஏன் மூட வேண்டும் என்றார் அவர். 1893-இல் இது பெரும் புயலாயிற்று. ‘கேசரி’ கண்டித்து எழுதியது. ஆலோசகர்களாயிருந்த ரானடேயும் பண்டார்கரும் விலகினர். பெற்றோர் பலர் பெண்களை அழைத்துச் சென்றுவிட்டனர். நம்பிப் பெண்ணை அனுப்பியவர்களின் கலக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தம் வீட்டில் தாம் தொழுவதை மறைக்க மறுத்தவரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. திரும்பிச் சென்ற அப்பெண்களின் படிப்பு என்னவாயிற்று என்பதே என் மனத்தை உறுத்துகிறது.

இத்தனைக்கும் அந்த டாலர்கள் நிற்கவில்லை. 1898-இல் பத்தாண்டுக் கெடு முடிந்தபோது ரமாபாய் மீண்டும் அமெரிக்கா சென்றார். பழைய சங்கம் கலைந்து புதியதொன்று அமைந்தது. அதற்குள் மத்திய மாகாணப் பஞ்சத்தில் தவித்த பெண்களைத் திரட்டிக் கொண்டுவந்து கேட்காமில் குடியேற்றியிருந்தார். நாம் ஊருக்குப் போகும்போது பூனாவுக்கும் தௌண்டுக்கும் இடையே வருமே, அந்தக் கேட்காம்தான். சென்னை வண்டிகளில் பல அங்கே நிற்பதில்லை. 1922-இல் அவர் காலமானதும் அவ்வூரிலேயே.

சாரதா சதனில் முதன்முதலாகச் சேர்ந்த விதவை, கொங்கணத்துக் கோதுபாய். எட்டு வயதில் மணமாகிச் சில மாதங்களிலேயே கணவனை இழந்தவர். இருபது வயதைக் கடந்த பிறகே எழுத்துக் கற்றார். 1893-இல் தோண்டோ கேசவ கர்வே அவரை மணந்துகொண்டார். அதற்காகக் கர்வேயின் சொந்த ஊர் இருவரையும் ஒதுக்கி வைத்தது. 1896-இல் கர்வே விதவைகளுக்கென ஓர் இல்லம் தொடங்கினார். 1900-இல் அது இங்கே ஹிங்கணேயில் ஒரு குடிசைக்கு மாறிற்று. முன்பின் அறியாத மாதர் தந்த டாலரில் படித்த அந்த அம்மையார், அவ்வில்லத்துக்காகத் தாமும் நன்கொடை கேட்டு வாசற்படிகளில் ஏறினார்.

தம் வாழ்க்கையை ‘மாஜே புராண்’ என்ற பெயரில் மராத்தியில் சொல்லியிருக்கிறார். எனக்கு ஸ்டேஷன் பெயர்ப் பலகை படிக்கும் அளவுக்கே மராத்தி தெரியும். பள்ளியில் அம்மொழி பயிலும் என் மகள் இரவில் சிறிது சிறிதாகப் படித்துச் சொல்லி வருகிறாள். கோதுபாய் சதனுக்குள் அடியெடுத்து வைக்கும் இடம்வரை வந்திருக்கிறோம்.