பொடுகுக்குக் காரணம் என்ன? நூறு ஆண்டு காலத் தேடல்

கறுப்புச் சட்டை போட்ட அன்றுதான் பொடுகு நன்றாகக் கண்ணில் படும். தலை வறண்டுவிட்டது, தண்ணீர் மாறிவிட்டது, எண்ணெய் வைப்பதில்லை, அடுத்தவர் சீப்பை எடுத்தாகிவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். காரணத்துக்கு ஏற்றபடி வைத்தியமும் மாறும், காசும் கரையும். இதில் வேடிக்கை என்னவென்றால், மருத்துவ உலகமும் இந்தச் சின்ன விஷயத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேல் முடிவுக்கு வர முடியாமல் திண்டாடியது. அந்த வரலாறு தெரிந்தால் எந்த ஷாம்பு வாங்குவது என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

பழைய நம்பிக்கைகள்

கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் தம் மருத்துவ நூலில் தலையில் செதில் உதிர்வதை 'போரிகோ' என்று குறிப்பிட்டார். உடலில் உள்ள கெட்ட நீர் இந்த வழியாக வெளியேறுகிறது, இதை அடியோடு அடைத்தால் அது வேறு முக்கியமான உறுப்புக்குப் போய்விடும் என்பது அவர் எண்ணம். தமிழ்நாட்டில் சித்த மருத்துவம் பொடுதலை என்ற மூலிகையை எண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தேய்க்கச் சொன்னது.

பாரிஸில் கிடைத்த துப்பு

1874-இல் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி-சார்ல் மலசே பொடுகுச் செதில்களை நுண்ணோக்கியில் பார்த்து, அவற்றில் பூஞ்சை இருப்பதை விவரித்தார். 1889-இல் பையோன் என்ற தாவரவியலாளர் அந்தப் பூஞ்சை இனத்துக்கு மலசேயின் பெயரையே சூட்டி 'மலசேசியா' என்று அழைத்தார். 1904-இல் சபூரோ என்ற இன்னொரு பிரெஞ்சு மருத்துவர் 'பிட்டிரோஸ்போரம்' என்று வேறு பெயர் வைத்தார். ஒரே பூஞ்சை பல ஆண்டுகள் இரண்டு பெயர்களில் உலவியது!

குற்றவாளி கிடைத்தாயிற்று என்று தோன்றலாம். ஆனால் இரண்டு சிக்கல்கள் இருந்தன. முதலாவது, இந்தப் பூஞ்சை ஆய்வுக்கூடத்தில் எளிதில் வளரவில்லை. இதற்குக் கொழுப்பு வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஊடகத்தின் மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றி வளர்ப்பது வழக்கமாயிற்று. இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. பொடுகே இல்லாதவர் தலையிலும் இதே பூஞ்சை இருந்தது. எல்லோரிடமும் இருப்பது சிலருக்கு மட்டும் எப்படி நோய் தரும்?

மருந்து முந்தியது, காரணம் பிந்தியது

காரணம் தெரியாத இடத்தில் விளம்பரம் புகுந்துவிடும். 1930-களில் அமெரிக்காவில் லிஸ்டரின் என்ற வாய் கொப்பளிக்கும் மருந்தைப் பொடுகுக்கும் மருந்து என்று விளம்பரம் செய்தார்கள். உண்மையிலேயே பலன் தந்த மருந்துகளும் பின்னால் வந்தன. 1950-களில் செலினியம் சல்பைடு ஷாம்பு வந்தது. 1961-இல் துத்தநாக பைரிதியோன் கலந்த 'ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ்' அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. இவை எப்படி வேலை செய்கின்றன என்பதில்தான் சண்டை.

1976-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மனும் குழுவினரும் பூஞ்சையை விடுதலையே செய்துவிட்டார்கள். தோல் செல்கள் வழக்கத்தைவிட வேகமாகப் பெருகி உதிர்வதுதான் பொடுகு, செதில் அதிகமானதால்தான் பூஞ்சை பெருகுகிறது, மருந்துகள் செல் பெருக்கத்தைக் குறைக்கின்றன என்றார்கள்.

1984-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரப் பேராசிரியர் சாம் ஷஸ்டர் வழக்கைத் திரும்ப எடுத்தார். பொடுகைக் குறைக்கும் மருந்துகள் வேதியியலில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ஆனால் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் குணம் அவற்றுக்குப் பொது. பூஞ்சையைக் குறிவைத்தே உருவான கீட்டோகோனசோலும் நன்றாக வேலை செய்தது. பூஞ்சை மறுபடியும் கூண்டில் ஏறியது.

மூவர் கூட்டணி

எல்லோர் தலையிலும் இருந்தும் ஏன் சிலருக்கு மட்டும் என்ற கேள்விக்கு 2005-இல் வந்த ஆய்வு விடை தந்தது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெயைப் பூஞ்சை உடைத்துத் தின்னும்போது ஒலியிக் அமிலம் மிஞ்சுகிறது. அந்த அமிலத்தை மட்டும் தலையில் தடவிப் பார்த்தார்கள். பொடுகு வரும் இயல்புள்ளவர்களுக்குச் செதில் உதிர்ந்தது, மற்றவர்களுக்கு உதிரவில்லை. ஆக பூஞ்சை, தோல் எண்ணெய், அவரவர் உடல்வாகு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பொடுகு. எண்ணெய்ச் சுரப்பு பருவ வயதில் கூடுவதால்தான் பள்ளி, கல்லூரிக் காலத்தில் இந்தத் தொல்லை ஆரம்பிக்கிறது.

2007-இல் மலசேசியா குளோபோசாவின் மரபணுத் தொகுதி வெளியானபோது, கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்கத் தேவையான மரபணு அதனிடம் இல்லை என்று தெரிந்தது. மனிதத் தோலின் எண்ணெயை நம்பித்தான் அது வாழ்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மூன்றில் உடல்வாகை மாற்ற முடியாது. அதனால் பொடுகை நிரந்தரமாக ஒழிப்போம் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை. பூஞ்சையைக் குறைக்கலாம். அதற்கு பாட்டிலின் முன்பக்கப் படத்தைவிட, பின்பக்கம் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயர்தான் முக்கியம். கீட்டோகோனசோல், செலினியம் சல்பைடு, துத்தநாக பைரிதியோன் மூன்றுமே பூஞ்சைக்கு எதிரானவை. துத்தநாக பைரிதியோனை மட்டும் ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் அழகுசாதனங்களில் தடை செய்திருக்கிறது. சாலிசிலிக் அமிலம் ஒட்டியிருக்கும் செதிலைத் தளர்த்தும்.

நுரை வந்ததும் கழுவிவிட்டால் எந்த மருந்தும் வேலை செய்யாது. ஐந்து நிமிடமாவது தலையில் இருக்க வேண்டும். வாரம் இரண்டு முறை என்று சில வாரங்கள் போட்டுவிட்டு, குறைந்த பிறகும் இடைவெளி விட்டுத் தொடர வேண்டும். ராத்திரி எண்ணெய் வைத்தால் செதில் படிந்து மறையும், பூஞ்சை போகாது. ஒரு மாதமாகியும் குறையாவிட்டாலோ, தடித்த செதில் திட்டுகள் வந்தாலோ, வட்ட வட்டமாக முடி கொட்டினாலோ அது சொரியாசிஸ், படர்தாமரை போன்ற வேறு நோயாக இருக்கலாம். தோல் மருத்துவரைப் பார்ப்பதே சரி.

பொடுகு அசுத்தத்தின் அடையாளம் இல்லை, அடுத்தவர் சீப்பிலிருந்து ஒட்டிக்கொள்ளும் தொற்றும் இல்லை. பூஞ்சை எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கிறது. வகுப்பில் யாருடைய தோளிலாவது வெள்ளைச் செதிலைப் பார்த்து அவர் குளிப்பதில்லை என்று கேலி செய்பவர் தலையிலும் அதே மலசேசியா குடியிருக்கிறது!