நெதர்லாந்து: சாலைச் சந்திப்புகளில் மிதிவண்டி முன்னுரிமை

நெதர்லாந்தில் வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் செல்கின்றன. சிக்னலோ பலகையோ இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கு மற்றவர் வழிவிட வேண்டும் என்பது அங்குள்ள அடிப்படை விதி. மிதிவண்டியில் வருபவரும் சட்டப்படி ஓட்டுநரே. ஆகவே வலப்புறத் தெருவிலிருந்து ஒரு பள்ளிச் சிறுமி சைக்கிளில் வந்தாலும் லாரி நின்று வழிவிட வேண்டும். அவளே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் பாதசாரி ஆகிவிடுகிறாள். இந்த முன்னுரிமை அப்போது கிடையாது. டிராம் மட்டும் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் முதலில் போகும்.

இந்தச் சமநிலை அண்மைக் காலத்தது. மிதிவண்டிக்குப் பேர்போன இந்நாட்டிலேயே, வலப்புறமிருந்து வந்தாலும் மிதிவண்டியும் மொபெட்டும் மோட்டார் வாகனத்துக்கு வழிவிட வேண்டும் என்ற விதி 2001 மே 1 அன்றுதான் நீங்கியது. 30 கி.மீ. வேக வரம்புள்ள குடியிருப்புத் தெருக்களில் இம்மாற்றத்தை நன்றாகக் காணலாம். போக்குவரத்து மிகுந்த சாலைகளில் முன்னுரிமையைப் பலகைகளும் தரைக் குறிகளுமே தீர்மானிக்கின்றன. சாலையின் குறுக்கே வரிசையாகத் தீட்டப்பட்ட வெள்ளை முக்கோணங்களைச் 'சுறாப்பல்' என்கிறார்கள். கூர்முனை யாரை நோக்கி இருக்கிறதோ அவர் வழிவிட வேண்டும்.

விபத்துக்கு அதிகம் இடம் தருவது திரும்பும் வாகனம். வலப்பக்கம் திரும்பும் கார், அதே சாலையில் தன் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ நேராக வரும் மிதிவண்டியைப் போகவிட்ட பிறகே திரும்பலாம். சாலையை ஒட்டிய மிதிவண்டிப் பாதையும் அச்சாலையின் பகுதியாகவே கொள்ளப்படும்.

வட்டச் சந்திப்புகளில் நாடு முழுவதும் ஒரே நடைமுறை இல்லை. ஊருக்குள் மிதிவண்டிக்கும், ஊருக்கு வெளியே மோட்டார் வாகனத்துக்கும் முன்னுரிமை தருவது வடிவமைப்பாளர்களின் பரிந்துரை, சட்டம் அன்று. எல்லா நகராட்சிகளும் அதைப் பின்பற்றுவதில்லை. வெளியூர்க்காரர் தடுமாறுவது இங்கேதான். சுறாப்பல்லைப் பார்த்துப் போவதே வழி.

முன்னுரிமை யாருக்கு இருந்தது என்பதோடு இழப்பீட்டுக் கணக்கு முடிவதில்லை. 1994ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 185ஆம் பிரிவும் அதையொட்டிய நீதிமன்றத் தீர்ப்புகளும் மோட்டார் வாகனத்தின் மேலேயே பொறுப்பைச் சுமத்துகின்றன. அடிபட்டவர் 14 வயது நிரம்பாதவராக இருந்தால், தவறு அவருடையதே என்றாலும், முழு இழப்பையும் ஈடுசெய்ய வேண்டும். பெரியவர்களுக்குக் குறைந்தது பாதி கிடைக்கும். வாகனத் தரப்பு எவ்வகையிலும் தவிர்த்திருக்க முடியாத விபத்து என்று நிரூபிக்கப்பட்டால் மட்டும் கிடைக்காது.