கட்டியை அளந்தவர்கள்

அறுவை அரங்கிலிருந்து ஃபார்மலினில் வரும் மார்பகத்தை அறுத்து, புற்றுநோய்க் கட்டியின் மேல் அளவுகோல் வைப்பது என் அன்றாட வேலை. 2 செ.மீ. வரை டி1, 5 வரை டி2, அதற்கு மேல் டி3. பிறகு அக்குள் கொழுப்பை விரல்நுனியால் பிசைந்து, பருப்பளவு நிணநீர் முடிச்சுகளைத் தேடி எடுப்பேன். ஒன்று தவறினாலும் நோயின் நிலை, அதாவது ஸ்டேஜ், மாறிவிடக்கூடும்; அவசரப்படுவதே இல்லை.

இப்படி நிலை பிரிப்பது பழைய முயற்சி. 1905இல் ஜெர்மனியில் ஸ்டைன்தால் என்ற மருத்துவர் மார்பகப் புற்றுநோயாளிகளை மூன்று வகுப்பாகப் பிரித்தார். 1943இல் நியூயார்க்கில் மருத்துவர்கள் ஹாகன்சனும் ஸ்டவுட்டும், யாருக்கு அறுவையால் பயனில்லை என்று எழுதினார்கள். அதைப் பெருங்கருணை என்றே சொல்வேன். நெஞ்சுத்தசையோடு அறுத்தெடுத்தும் பிழைக்காத பெண்கள் அதுவரை எத்தனை பேர்! அதே நாற்பதுகளில் பிரான்சில் மருத்துவர் பியர் தெனுவா கட்டி, முடிச்சு, பரவல் மூன்றையும் தனித்தனியே குறிக்கும் டி.என்.எம். முறையை வகுத்தார்.

இன்று அமெரிக்கப் பதிவுகளில், மார்பகத்தோடு நின்ற நோய்க்கு ஐந்தாண்டு பிழைப்பு சுமார் 99 விழுக்காடு. தொலைவில் பரவியிருந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 2018இல் நடைமுறைக்கு வந்த, அமெரிக்க டி.என்.எம். கையேட்டின் எட்டாம் பதிப்பு ஹார்மோன் ஏற்பிகளையும் ஹெர்2 புரதத்தையும் நிலைக்கணக்கில் சேர்த்தது. "எத்தனையாவது ஸ்டேஜ், டாக்டர்?" என்று கேட்கும் உறவினர்களை, அந்தச் சோதனை முடிவுகள் வரும்வரை பொறுத்திருக்கச் சொல்கிறேன்.