ஈசிவின்வின்

ஈசிவின்வின் என்பது, ஒரு மென்பொருள் திட்டத்தின் தேவைகளை அதில் தொடர்புடைய தரப்பினர் அனைவரும் கூடிப் பேசி முடிவுசெய்ய உதவும் ஒரு முறையும் அதற்கான குழுப்பணி மென்பொருளும் ஆகும். பேரி போம், பவுல் குருன்பாக்கர், இராபர்ட் பிரிக்ஸ் ஆகியோர் இதனை உருவாக்கினர். இதன் அனுபவங்களை விளக்கும் கட்டுரை 2001 இல் ஐஇஇஇ சாஃப்ட்வேர் இதழில் வெளியானது.

பின்னணி

தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய போம் (1935–2022), கோகோமோ மதிப்பீட்டு முறையாலும் சுருள் மாதிரியாலும் அறியப்பட்டவர். 1989 இல் அவர் டபிள்யூ கோட்பாட்டை முன்வைத்தார். ஒரு தரப்பு வென்று இன்னொன்று தோற்கும் திட்டம் பெரும்பாலும் எல்லோருக்கும் தோல்வியாகவே முடிகிறது என்பது அதன் சாரம். மலிவாகவும் அவசரமாகவும் முடிக்கப்படும் மென்பொருளில் நிரலாளரும் பணம் கொடுப்பவரும் வெல்கின்றனர்; பயனர் தோற்கிறார். அளவுக்கு மீறி வசதிகளைச் சேர்த்தால் பணம் கொடுப்பவர் தோற்கிறார். விலையை மிகவும் குறைத்துப் பேசினால் நிரலாளர் தோற்கிறார். பின்னர் அவர் நிறுத்திவிட்டுப் போனாலோ தரத்தைக் குறைத்தாலோ மற்ற இருவரும் சேர்ந்தே இழக்கின்றனர்.

வின்வின் மாதிரி

ஒவ்வொரு தரப்பும் தான் எதிர்பார்ப்பதை 'வெற்றி நிபந்தனை' என எழுதுகிறது. எவரும் மறுக்காத நிபந்தனை நேரே உடன்பாடாகிறது. மறுப்பு எழுந்தால் அது 'சிக்கல்' எனப் பதிவாகும். சிக்கலுக்கு மாற்றுவழிகள் முன்வைக்கப்பட்டு, அவற்றுள் ஒன்று உடன்பாடாக ஏற்கப்படும். எல்லா நிபந்தனைகளும் உடன்பாட்டுக்குள் வந்து, தீராத சிக்கல் ஏதும் இல்லாத நிலையே பேச்சின் இலக்கு.

செயல்படும் விதம்

இம்மாதிரிக்கெனப் போம் குழுவினர் முன்னரே சில கருவிகளை உருவாக்கியிருந்தனர். நான்காம் தலைமுறையான ஈசிவின்வின், அரிசோனாப் பல்கலைக்கழக ஆய்வில் தோன்றிய குரூப்சிஸ்டம்ஸ் என்னும் மென்பொருளின் மீது அமைந்தது. பங்கேற்போர் தத்தம் கணினியில் ஒரே நேரத்தில், பெயர் வெளியிடாமல் கருத்துகளைத் தட்டச்சு செய்யலாம். உயர் அதிகாரி எதிரே அமர்ந்திருக்கையில் வாய் திறக்கத் தயங்குவோருக்கு இது பெரிய வசதி. குவிந்த கருத்துகளிலிருந்து வெற்றி நிபந்தனைகள் திரட்டப்படும்.

அடுத்து ஒரு சொற்தொகுதி உருவாக்கப்படும். இது அற்பமான வேலையாகத் தோன்றலாம். ஆனால் 'பதிவு' என்ற சொல்லை நூலகர் நூற்பட்டியல் உள்ளீடாகவும் நிரலாளர் தரவுத்தள வரிசையாகவும் புரிந்துகொண்டால், இருவரும் ஒப்புக்கொண்ட உடன்பாட்டுக்குப் பொருளே இல்லை.

பின்னர் ஒவ்வொரு நிபந்தனைக்கும் முக்கியத்துவம், நிறைவேற்றும் எளிமை ஆகிய இரு அளவைகளில் வாக்களிக்கப்படும். இங்கு சராசரியை விட வாக்குகளின் வேறுபாடே பயன் தருகிறது. ஒருவர் எளிது என்பதை மற்றொருவர் மிகக் கடினம் என்றால், அவருக்கு மட்டும் தெரிந்த ஏதோ ஒரு தடை இருக்கலாம். அதைப் பேசி வெளிக்கொணர்ந்த பிறகே சிக்கல்களும் மாற்றுவழிகளும் எழுதப்படும்.

வரம்புகள்

இம்முறைக்குப் பேச்சை நெறிப்படுத்தும் திறமையான நடத்துநர் ஒருவர் தேவை. அழைக்கப்படாத தரப்பின் நிபந்தனையை எந்த மென்பொருளும் கண்டுபிடித்துத் தராது. யாரை அழைப்பது என்ற முடிவு கருவிக்கு வெளியே நிகழ்வது.

பிற்கால வடிவங்கள்

இதே பல்கலைக்கழகத்தில் விக்கியை அடிப்படையாகக் கொண்ட விக்கிவின்வின் 2008 இலும், சமூக வலைத்தளங்களின் பாணியைப் பின்பற்றிய வின்புக் 2012 இலும் ஆய்வுக் கட்டுரைகள் வழி அறிமுகப்படுத்தப்பட்டன.