குஞ்ஞாலி மரைக்காயர்: ஒரு நட்பு முறிந்த வரலாறு



ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூலான 'ஃபத்ஹுல் முஈன்' நமது அரபுக் கல்லூரிகளில் இன்றும் ஓதிக் கொடுக்கப்படுகிறது. அதன் ஆசிரியர், பொன்னானியைச் சேர்ந்த ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள், ஒரு வரலாற்றாசிரியரும் ஆவார் என்பதைப் பலர் அறிய மாட்டார்கள். அவர்கள் அரபியில் எழுதிய 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' 1498 முதல் 1583 வரை மலபாரில் நடந்தவற்றைக் கூறுகிறது. நாம் ஓதிய காலத்தில், சட்டப் பாடம் முடிந்ததும் உஸ்தாத் அவர்கள் அந்நூலின் செய்திகளைச் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1498இல் வாஸ்கோட காமா கள்ளிக்கோட்டைக்கு அருகே வந்து இறங்கினார். 1502இல் மீண்டும் வந்தபோது, மக்காவிலிருந்து திரும்பிய ஹாஜிகளின் கப்பலை மறித்து, பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோரைத் தீக்கிரையாக்கினார். 1510இல் கள்ளிக்கோட்டையின் மிஷ்கால் பள்ளிவாசலுக்கும் போர்த்துக்கீசியர் தீ வைத்தனர்.

அவர்களை எதிர்த்தவர் இந்து மன்னரான சாமூத்திரி. அவருக்குக் கடற்படை நடத்தித் தந்தவர்கள் முஸ்லிம்களான குஞ்ஞாலி மரைக்காயர்கள். குஞ்ஞாலி என்பது ஒருவரின் பெயரன்று. அடுத்தடுத்து வந்த நால்வர் தாங்கிய பட்டம். இவர்களுடைய போர் நமது கரையையும் தொட்டது. 1538இல், இலங்கையின் சீதாவாக்கை மன்னன் மாயாதுன்னைக்கு உதவச் சென்ற மரைக்காயர்களின் கப்பற்படையைப் போர்த்துக்கீசியர் இராமநாதபுரம் கடற்கரையிலுள்ள வேதாளையில் தாக்கித் தோற்கடித்தனர்.

ஆயினும் நட்பு தளரவில்லை. 1571இல் நாயர் படையும் மாப்பிள்ளைப் படையும் ஒன்று சேர்ந்து, போர்த்துக்கீசியரின் சாலியம் கோட்டையைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கின. காழி முஹம்மது அவர்கள் இவ்வெற்றியைப் பற்றி 'ஃபத்ஹுல் முபீன்' என்னும் அரபுக் காவியத்தை இயற்றி, அதில் சாமூத்திரியைப் போற்றினார்கள். ஒரு முஸ்லிம் காழி ஓர் இந்து மன்னரின் நீதியைப் போற்றி அரபியில் பாடினார் என்றால், அன்றைய நட்பின் ஆழத்தை நாம் உணரலாம்.

அத்தகைய நட்பு எவ்வாறு முறிந்தது? சாலியம் வெற்றிக்குப் பின், மூன்றாம் குஞ்ஞாலி மன்னரின் அனுமதியுடன் புதுப்பட்டணத்தில் கோட்டை கட்டினார். அவருக்குப் பின் வந்த நான்காம் குஞ்ஞாலி அதை மேலும் வலுப்படுத்தினார். தம்மை அரசரைப் போல் கருதத் தொடங்கினார் என்று எழுதப்பட்டுள்ளது. சாமூத்திரியின் யானையின் வாலை அறுத்தார் என்றும் ஒரு கதை உண்டு. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் யார் என்று பார்ப்பது போல, இங்கும் சொன்னவர் யார் என்று பார்க்க வேண்டும். அவரைப் பற்றிய செய்திகளில் பெரும்பகுதி அவருடைய எதிரிகள் எழுதி வைத்தது. கதை மெய்யோ பொய்யோ, ஒருபுறம் அகந்தையும் மறுபுறம் சந்தேகமும் வளர்ந்தது உண்மை. அந்த இடைவெளியில்தான் போர்த்துக்கீசியர் நுழைந்தனர்.

1599இல் கோட்டையைத் தாக்கிய போர்த்துக்கீசியர் பேரிழப்புடன் பின்வாங்கினர். 1600இல் கடலில் அவர்களும் நிலத்தில் சாமூத்திரியின் படையும் முற்றுகையிட்டபோது கோட்டை தாங்கவில்லை. உயிருக்குத் தீங்கு நேராது என்ற வாக்குறுதியை நம்பி, மார்ச் மாதத்தில் குஞ்ஞாலி வெளியே வந்து தமது வாளை மன்னரிடம் ஒப்படைத்தார். அடுத்த கணமே போர்த்துக்கீசியத் தளபதி அவரைப் பிடித்துக்கொண்டான். அதுவரை அவரை முற்றுகையிட்டிருந்த நாயர் வீரர்களே அந்த வாக்கு மீறலைக் கண்டு கொதித்தெழுந்தனர் என்பது நெஞ்சை உருக்கும் செய்தி. கோவாவில் அவர் கொல்லப்பட்டார். அவரது தலை உப்பிடப்பட்டுக் கண்ணூரில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

இன்று மும்பையில் இந்தியக் கடற்படையின் தளம் ஒன்று குஞ்ஞாலியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2021இல் மலையாளத் திரைப்படமும் வெளிவந்தது. நம் பிள்ளைகளில் பலர் திரையில் கண்டதையே வரலாறு என்று எண்ணுகின்றனர். அவர்களுக்கு நாம் முழு வரலாற்றையும் சொல்ல வேண்டும். வீரத்தை மட்டும் சொல்லி, நம்மவரின் தவறை மறைத்தால் அது வரலாறாகாது. 1600இல் நடந்த துரோகத்தை மட்டும் சொல்லி, 1571இல் இரு சமுதாயத்தாரும் தோளோடு தோள் நின்றதை விட்டுவிட்டால் அதுவும் வரலாறாகாது.

பீரங்கிகளால் பிரிக்க முடியாதவர்களைச் சந்தேகம் பிரித்தது. தெருவிலும் கடைவீதியிலும் அண்டை வீட்டாருடன் நாம் பேணும் நட்பைக் காக்க, இந்தப் பாடம் ஒன்றே போதும். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லுணர்வைத் தந்தருள்வானாக! ஆமீன்.