மஸ்ஜித் நிலையமும் சனிக்கிழமைச் செக்காரர்களும்



மும்பையில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் நிலையத்திலிருந்து மாதுங்காவுக்கும் சயானுக்கும் புறப்படும் புறநகர் ரயில் முதலில் நிற்கும் இடத்துக்கு மஸ்ஜித் என்று பெயர். அங்குள்ள தமிழன்பர்கள் அந்தப் பெயர்ப்பலகையை ஆயிரம் முறையேனும் பார்த்திருப்பார்கள். மஸ்ஜித் என்றால் பள்ளிவாசல். சிறிது தூரத்தில் சகரியா மஸ்ஜித் இருக்கிறது. அதையொட்டி வந்த பெயர் என்று எண்ணுவது இயல்பே. அடியேனும் பல ஆண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தேன். மத்திய சர்க்காரில் மொழிபெயர்ப்பாளனாக உத்தியோகம் பார்க்கிறவன், சொல்லின் மூலத்தைத் தேடுவதையே பிழைப்பாகக் கொண்டவன், நாள்தோறும் கண்ணெதிரே நின்ற ஒரு சொல்லை மட்டும் விசாரிக்காமல் விட்டிருந்தேன். அந்தப் பெயர் ஒரு யூத ஜெப ஆலயத்தைக் குறித்து எழுந்தது என்று மும்பைச் சரித்திரம் எழுதியோர் கூறுவர்.

நிலையத்துக்கு அருகே மாண்ட்வி என்னும் பேட்டையில் சாமுவேல் தெரு என்று ஒன்று உண்டு. மூட்டை சுமப்போரும் கைவண்டி இழுப்போரும் நெருங்கிச் செல்லும் மொத்த வியாபாரத் தெரு. அந்தச் சாமுவேல் யார்? சாமுவேல் எசக்கியேல் திவேகர். உள்ளூரார் அழைத்த பெயர் சாமாஜி ஹசாஜி. கும்பினிப் படையில் அதிகாரியாக இருந்து, 1780 முதல் 1784 வரை நடந்த இரண்டாம் மைசூர் யுத்தத்தில் திப்புவிடம் சிறைப்பட்டவர். ‘நீங்கள் எந்த ஜாதி?’ என்ற கேள்விக்குக் கைதிகள் ‘பெனே இஸ்ரவேல்’ என்று விடையளித்ததாகவும், குரானில் மட்டுமே கேட்டறிந்த ஜனங்களை நேரில் கண்ட திப்புவின் தாயார் அவர்களுக்காகப் பரிந்து பேசியதாகவும் ஒரு கர்ண பரம்பரைக் கதை இருக்கிறது. கதை எவ்வாறாயினும், உயிர் மீண்டு வந்த சாமுவேல் 1796-இல் மும்பையின் முதல் யூத ஆலயத்தைக் கட்டினார் என்பது சரித்திரம். ‘சாஆர் ஹரஹமீம்’, அதாவது கருணை வாயில், என்பது அதன் பெயர். இன்றுள்ள இடத்துக்கு அது 1860-இல் மாறியது. பெனே இஸ்ரவேலர் தங்கள் ஆலயத்தை மஸ்ஜித் என்றே அழைத்தனர். பின்னர் புதிதாக இன்னோர் ஆலயம் எழுந்தபோது, முந்தியது ‘ஜூனி மஸ்ஜித்’, பழைய மஸ்ஜித், ஆயிற்று.

இவர்கள் கொங்கணக் கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். அலிபாகுக்கு அருகே நவ்காவ் கடற்கரையில் கப்பல் உடைந்து, ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டும் பிழைத்துக் கரையேறினர் என்பது அவர்களுடைய பூர்வ கதை. நூல்களும் எபிரேய மொழியும் மறைந்தன. மராத்தி தாய்மொழியாயிற்று. திவே என்ற ஊரார் திவேகர், ராஜ்புரியார் ராஜ்புர்க்கர் என, குடும்பப் பெயர்களும் ஊர்ப்பெயர்களாயின. செக்காட்டி எண்ணெய் விற்றனர். ஆனால் வாரத்தில் ஒரு நாள் செக்கு ஓடாது. அயலார் அதைக் கவனித்து ‘சனிவார் தேலி’, சனிக்கிழமைச் செக்காரர், என்று பெயரிட்டனர். தாவீது ரஹாபி என்பவர் அவ்வழியே வந்தபோது, இவர்கள் யூதர்தாமா என்று சோதிக்கப் பெண்களிடம் பலவகை மீன்களைச் சமைக்கக் கொடுத்தார் என்றும், அவர்கள் செதிலும் துடுப்பும் இல்லாதவற்றை விலக்கி வைத்தனர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அவர் காலம் பற்றி அறிஞர்கள் ஒத்துக்கொள்வதில்லை. அந்த வழக்கில் நாம் புகவேண்டாம். வேதம் போய், பாஷை போய், வேலை செய்யாத ஒரு கிழமையும் விலக்கிய மீனும் எஞ்சியிருந்தன. அவற்றைக் கொண்டே ஒரு சமூகம் அடையாளம் காணப்பட்டது என்பதுதான் நம் சிந்தனைக்கு உரியது.

இவ்வளவையும் படித்தறிந்த பின்னும் அடியேன் ஒரு பிழை செய்தேன். அந்தத் தெருக்களைப் புகைப்படம் எடுக்க ஆசை கொண்டு, அலுவலக விடுமுறை என்பதால் ஒரு சனிக்கிழமை காலையில் கேமராவுடன் ஆலயத்துக்குப் போய் நின்றேன். வாயிலில் போலீஸ் காவல். 2008 நவம்பரில் கொலாபாவின் நரிமன் இல்லத்தில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின் இக்காவல் எளிதில் தளர்வதில்லை. என் அடையாள அட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கையில் உள்ளிருந்து ஒரு முதியவர் வந்தார். என் அரைகுறை மராத்தியைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘இன்று படம் எடுக்கலாகாது. அதுவும் வேலைதான். கருவியை இங்கே வைத்துவிட்டு வந்து உட்காருங்கள்’ என்றார். வெட்கமாக இருந்தது. அவர்களைப் பல நூற்றாண்டு காத்த அதே கிழமையில் அல்லவா அவர்களைப் படம் பிடிக்கப் போனேன்!

தலையை மூட ஒரு குல்லாய் தந்தார். பின் வரிசையில் அமர்ந்தேன். நடுவே கிராதியிட்ட மேடை; எதிர்ச்சுவரில் திரையிட்ட பேழை; மேலே பெண்டிருக்கான மாடம். தொழுகை தொடங்கவில்லை. யூத முறைப்படி பொதுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும், வந்திருந்தவர் ஒன்பதின்மர். நான் உட்கார்ந்திருந்தும் கணக்கில் சேரேன். ஒருவரும் பேசவில்லை, அனைவர் பார்வையும் வாயிலை நோக்கியிருந்தது. கால்மணி நேரம் சென்று ஓர் இளைஞர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு படியேறி வந்தபோது அந்தக் கூடம் முழுவதும் மூச்சுவிட்டது போல் இருந்தது. அந்தக் கணத்தை நான் படம் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அதில் பழைய கட்டடமும் சில முதியவர்களுமே தெரிந்திருப்பார்கள்.

சுதந்திரம் பெற்ற காலத்தில் இந்தியாவில் யூதர் இருபதினாயிரத்துக்கு மேல் இருந்தனர். 2011 ஜனத்தொகைக் கணக்கில் ஐயாயிரத்துக்கும் குறைவு. 1948-இல் இஸ்ரவேல் நாடு பிறந்தபின் பெரும்பாலோர் அங்கே குடியேறினர். யாரும் அவர்களைத் துரத்தவில்லை. ரயில்வேயிலும் தபாலிலும் சுங்கத்திலும் குமாஸ்தாக்களாக மரியாதையுடன் வாழ்ந்தவர்கள். போன இடத்தில்தான் அவர்களுடைய யூதத்தன்மையைச் சிலர் ஐயுற்றனர். போராடி, 1964-இல் முழு அங்கீகாரம் பெற்றனர். அங்கே ‘மாய்போலி’ என்று தாய்மொழியின் பெயராலேயே ஒரு மராத்திப் பத்திரிகையும் நடத்தினர். வெளி மாநிலத்தில் தமிழ்ச் சங்கம் வைத்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று சொல்ல ஆசை: பஸ்கா இரவில் படிக்கும் எபிரேய நூல் மராத்தி மொழிபெயர்ப்புடன் 1846-இலேயே மும்பையில் அச்சாயிற்று. இழந்த மொழியைத் தாய்மொழியின் வழியே மீட்டெடுத்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மீண்டும் சென்று தெருக்களைப் படம் எடுத்தேன். பாதிக் கடைகள் மூடியிருந்தன. அதனால் கட்டடங்கள் தெரிந்தன. மரத்தூண் தாங்கிய பழைய மாடிகள், கம்பி வலைகளுக்குள் காய்ந்த துணிகள். வலப்புற நிலைக்காலில் வேத வசனச் சுருளடங்கிய சிறு பேழையைப் பொருத்துவது யூதர் வழக்கம்; அதைச் சாய்வாகப் பொருத்துவோரும் உண்டு. அதன் சுவடு எங்கேனும் எஞ்சியிருக்கிறதா என்று வாயில் வாயிலாகத் தேடினேன். ஒரு நிலையில் ஆணித்துளைகள் இரண்டு சாய்வாக இருந்தன. அதுதானா, வேறு எதற்கோ அடித்த ஆணியா, யார் அறிவார்? அவ்வீட்டு அம்மையார் என் பரபரப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பூச்சட்டியை நகர்த்தி வழிவிட்டார்.

படங்களை அடுத்த வாரம் முதியவரிடம் காட்டினேன், வெள்ளிக்கிழமை பகலில்தான். ஆலயப் படத்தை அவர் அதிகம் பார்க்கவில்லை. சாமுவேல் தெருவின் ஒரு முனையைக் காட்டும் படத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். டிமோனாவில் இருக்கும் தமக்கைக்குக் கைப்பேசியில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். காகிதத்தில் வேண்டும், அவளுக்குக் கண் மங்கிவிட்டது, என்றார். பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பின்புறத்தில் தெருப்பெயரை எழுதித் தரச் சொன்னார். இங்கிலீஷில் எழுதப் பேனாவை எடுத்தேன், ‘மராத்தியில்’ என்றார்.