பிழை ஓரிடம், காரணம் வேறிடம்: யூனிக்ஸ் பில்டுகளின் ஐம்பது ஆண்டுகள்

யூனிக்ஸ் வகைக் கணினியில் ஒரு மென்பொருளை மூலநிரலிலிருந்து பில்ட் செய்யும்போது வரும் பிழைச் செய்தி, பிழை வெளிப்பட்ட இடத்தை மட்டுமே காட்டும். அது பிறந்த இடத்தை நாம்தான் தேட வேண்டும். 1970களில் இந்த இரண்டு இடங்களும் பெரும்பாலும் ஒரே அறையில், ஒரே ஆளின் கையில் இருந்தன. அதன்பின் பில்ட் வேலையை எளிதாக்க வந்த ஒவ்வொரு கருவியும் ஒரு வகைத் தொல்லையை ஒழித்தது. கூடவே பிழைக்கும் காரணத்துக்கும் நடுவே உள்ள தூரத்தையும் நீட்டியது. 1976இல் வந்த மேக் முதல் 2024இல் வந்த ஜிசிசி 14 கம்பைலர் வரை அந்தத் தூரம் எப்படி வளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. செய்தி எதுவுமே இல்லாமல் பில்ட் தவறாக முடியும் நிலையே இந்த வளர்ச்சியின் உச்சம் என்பது என் வாதம்.

மேக் தோன்றிய கதையை அதை எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனே பதிவு செய்திருக்கிறார். பெல் ஆய்வகத்தில் அவருடைய சகா ஸ்டீவ் ஜான்சன் ஒருநாள் திட்டிக்கொண்டே அறைக்குள் வந்தார். சரியாக இருந்த நிரலில் பிழை தேடிக் காலைப்பொழுதை வீணடித்திருந்தார். பிழையை முன்பே திருத்தியாகிவிட்டது. ஆனால் திருத்திய கோப்பு மறுபடி கம்பைல் ஆகவில்லை. பழைய ஆப்ஜெக்ட் கோப்பே லிங்க் ஆகிக்கொண்டிருந்தது. முந்தைய மாலை ஃபெல்ட்மனுக்கும் இதே கதிதான். அந்த வார இறுதியில் மேக் உருவானது. எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று மேக்ஃபைலில் எழுதிவைத்தால், இரண்டின் நேர முத்திரைகளையும் ஒப்பிட்டு, பழசாகிப்போனதை மட்டும் மேக் புதுப்பிக்கும்.

மறதியால் வரும் பிழை இதனால் ஒழிந்தது. ஆனால் பில்டின் சரி தவறு இப்போது கடிகாரத்தைச் சார்ந்துவிட்டது. 1980களில் என்எஃப்எஸ் என்ற வலைக் கோப்பு முறை வழியாகக் கோப்புகள் வேறொரு கணினியில் இருக்கத் தொடங்கியதும், இரு கணினிகளின் நேரம் சில விநாடிகள் விலகினாலே மேக் ஏமாந்தது. ‘கிளாக் ஸ்கியூ டிடெக்டட்’ என்ற ஜிஎன்யூ மேக்கின் எச்சரிக்கை அந்தச் சூழலுக்கு உரியது. மேக்ஃபைலில் கட்டளை வரி டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற விதியும் ஃபெல்ட்மன் காலத்து எச்சம். வெளியிட்ட சில வாரங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டதால், அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமென்று அவர் அதை மாற்றாமல் விட்டார். இன்றும் டேப்புக்குப் பதில் வெற்றிடங்கள் இருந்தால் ‘மிஸ்ஸிங் செப்பரேட்டர்’ என்று மேக் நின்றுவிடுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அடுத்த தூரம் யூனிக்ஸ் பிடிபி-11 கணினியை விட்டு வெளியேறியபோது வந்தது. ஜான்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை இன்டர்டேட்டா 8/32 கணினிக்கு மாற்றினார்கள். ஒரு கணினியில் ஓடும் சி நிரல் இன்னொன்றில் ஏன் ஓடவில்லை என்ற கேள்வி அப்போதுதான் முறையான ஆய்வுப் பொருளாயிற்று. கம்பைலர் கண்டுகொள்ளாத சந்தேகங்களைச் சுட்டிக்காட்ட ஜான்சன் எழுதிய லின்ட் அந்த உழைப்பின் விளைவு. அக்காலத் தடைகள் எவ்வளவு சிறியவை என்பதற்கு ஒரு சான்று போதும். பல கோப்புகளுக்குப் பொதுவான பெயர்களில் பிடிபி-11 ஏழு எழுத்துகளை மட்டுமே கணக்கில் எடுத்தது. ஹனிவெல் 6000 ஆறு எழுத்துகளோடு நிறுத்தியது, அதிலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு கிடையாது. ஓரிடத்தில் தனித்தனியாக நின்ற இரண்டு ஃபங்ஷன்கள் இன்னோரிடத்தில் ஒன்றோடொன்று மோதின.

1980களில் பெர்க்லியின் பிஎஸ்டியும் ஏடி அண்ட் டியின் சிஸ்டம் ஃபைவும் தனித்தனி வழியில் போனபோது நிலைமை முற்றியது. ஒரு சரத்துக்குள் ஓர் எழுத்தைத் தேடும் ஃபங்ஷனுக்கு பிஎஸ்டியில் ‘இன்டெக்ஸ்’ என்று பெயர், சிஸ்டம் ஃபைவில் ‘எஸ்டிஆர்சிஹெச்ஆர்’. நினைவகத்தை நகலெடுக்க அங்கே ‘பிகாப்பி’, இங்கே ‘மெம்சிபிஒய்’. ஒரு மென்பொருளைத் தரவிறக்கியவர் முதலில் மேக்ஃபைலைத் திறந்து, தன் கணினிக்கு எது பொருந்தும் என்று தானே குறிக்க வேண்டியிருந்தது. தவறாகக் குறித்தால் லிங்கர் ‘அன்டிஃபைன்ட்’ என்று ஒரு பெயரைச் சொல்லி நிற்கும்.

கணினியையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்ற எண்ணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கிய லாரி வால். ஆர்என் என்ற நிரலோடு அவர் தந்த கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் பயனரிடம் கேள்விகள் கேட்டும் கணினியைச் சோதித்தும் விடை கண்டது. 1991 ஜூனில் டேவிட் மெக்கன்சிக்கும் இதே தொல்லை. ஜிஎன்யூ கருவிகள் பலவற்றை அவர் பராமரித்துவந்தார். மேக்ஃபைலில் பயனர் தேர்ந்தெடுக்க வேண்டிய குறிகள் இருபதைத் தொட்டிருந்தன. அவற்றைத் தானே ஊகிக்கும் சிறு ஷெல் ஸ்கிரிப்டை எழுதி ஃபைல்யூட்டில்ஸ் 2.0 உடன் வெளியிட்டார். அதுவே ஆட்டோகான்ஃப் ஆக வளர்ந்தது.

ஆட்டோகான்ஃப் உருவாக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பின்னால் வரும் சிக்கல்களுக்கு வேர் இங்கேதான். ஒரு ஃபங்ஷன் இருக்கிறதா என்று அறிய அது எந்த ஆவணத்தையும் பார்ப்பதில்லை. ‘கான்ஃப்டெஸ்ட்’ என்ற பெயரில் சில வரிச் சோதனை நிரலை எழுதுகிறது, கம்பைல் செய்கிறது, லிங்க் செய்கிறது. வெற்றி என்றால் ‘எஸ்’, தோல்வி என்றால் ‘நோ’. இந்த முறையில் பிழை என்பதே ஒரு தகவல். அருமையான யோசனை இது. 1990களில் அறிமுகமே இல்லாத கணினியிலும் மென்பொருள் பில்ட் ஆனதற்கு இதுவே காரணம். ஆனால் சோதனை ஏன் தோற்றது என்று ஸ்கிரிப்ட் கேட்பதில்லை. ஃபங்ஷன் இல்லாததால் தோற்றாலும் சோதனை நிரலிலேயே குறை இருந்து தோற்றாலும் விடை ‘நோ’தான்.

‘சி கம்பைலர் கேனாட் கிரியேட் எக்ஸிக்யூட்டபிள்ஸ்’ என்ற புகழ்பெற்ற செய்தி நல்ல எடுத்துக்காட்டு. கம்பைலர் கெட்டுவிட்டது என்று படிப்பவர் நினைப்பார். ஆனால் சி லைப்ரரியின் டெவலப்மென்ட் தொகுப்பு நிறுவப்படாமல் இருக்கலாம். சிஃப்ளாக்ஸ் மாறியில் ஓர் எழுத்து பிசகியிருக்கலாம். உண்மை ‘கான்ஃபிக்.லாக்’ கோப்பில் இருக்கிறது. அதில் சோதனை நிரல், அதற்குத் தந்த கட்டளை, கம்பைலரின் பதில் மூன்றும் அப்படியே பதிவாகியிருக்கும். திரையில் வந்த வரியை மட்டும் பிறரிடம் காட்டி உதவி கேட்பவருக்கு யாராலும் விடை சொல்ல முடியாது. முதலில் அந்தக் கோப்பைத் திறக்க வேண்டும்.

லிங்கரின் பழைய பழக்கமும் இந்த வரலாற்றில் சேரும். யூனிக்ஸ் லிங்கர் லைப்ரரிகளை இடமிருந்து வலமாக ஒரே முறை படிக்கும். ஆப்ஜெக்ட் கோப்புக்கு முன்னால் லைப்ரரியின் பெயரை எழுதிவிட்டால், அந்தக் கட்டத்தில் யாரும் கேட்காத ஃபங்ஷனை அது எடுத்துக்கொள்ளாது. பின்னர் ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ வரும். பகிர்வு லைப்ரரிகள் இந்த வரிசைக் கட்டுப்பாட்டைப் பல ஆண்டுகள் மறக்கவைத்தன. 2011இல் உபுண்டு 11.10, தேவையான லைப்ரரிகளை மட்டும் இணைக்கும் விருப்பத்தை இயல்பாக்கியதும் அது திரும்பி வந்தது. அதுவரை ஓடிய மேக்ஃபைல்கள் ஒரு வரிகூட மாறாமல் உடைந்தன.

2012இல் ஜிஎன்யூவின் சி லைப்ரரியான ஜிலிப்சி 2.16 வந்தபோது நிகழ்ந்தது இன்னும் துலக்கமான சான்று. ‘கெட்ஸ்’ என்ற ஃபங்ஷன் எத்தனை எழுத்து உள்ளே வருகிறது என்று பார்க்காமலே படித்துக்கொள்ளும். 1988 நவம்பரில் மோரிஸ் வார்ம் என்ற தீநிரல் பரவப் பயன்பட்ட வழிகளில் அதுவும் ஒன்று. சி11 தரம் அதை நீக்கியது. ஜிலிப்சியும் புதிய தரத்தின்படி அதன் அறிவிப்பை ஹெடர் கோப்பிலிருந்து மறைத்தது. உடனே எம்4 1.4.16 உள்ளிட்ட பல ஜிஎன்யூ நிரல்கள் ‘கெட்ஸ் அன்டிக்ளேர்ட்’ என்று நின்றன. அவற்றில் எதுவும் கெட்ஸை அழைக்கவில்லை. அவை பகிர்ந்துகொண்ட ஜிஎன்யூலிப் தொகுப்பில், கெட்ஸைப் பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரிக்க ஒரு வரி இருந்தது. எச்சரிக்கப் பெயரைச் சொல்ல வேண்டும்; சொல்லும் பெயர் இப்போது அறிவிக்கப்படவில்லை. அந்த ஒரு வரியை நீக்கினால் பில்ட் முடிந்துவிடும். ஆனால் நிரலின் சொந்த மூலத்தில் மட்டும் கெட்ஸைத் தேடுகிறவருக்கு அது அகப்படாது. 2018இல் ஜிலிப்சி 2.28 வந்ததும் எம்4 1.4.18க்கு மறுபடி அதே விதி: ஜிஎன்யூலிப் ஜிலிப்சியின் உள்பெயர்களை நம்பியிருந்தது, ஜிலிப்சி அவற்றை விலக்கிக்கொண்டது. ‘உங்கள் கணினிக்கு ஏற்ப இந்தக் கோப்பை மாற்றுங்கள்’ என்ற பொருளில் வந்த செய்தி, ஏற்கெனவே எல்லோரும் பயன்படுத்தும் லினக்ஸுக்கே வந்தது.

ஜிசிசி 10 (2020) உண்டாக்கிய ‘மல்ட்டிபிள் டெஃபினிஷன்’ பிழைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹெடரில் ‘எக்ஸ்டர்ன்’ இல்லாமல் எழுதிய மாறிகளைப் பழைய கம்பைலர் சத்தமின்றி ஒன்றாக்கியது, புதியது மறுத்தது. காரணமும் செய்தியும் அருகருகே இருந்ததால் திருத்தமும் எளிது.

அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பது பற்றிய மாற்றம் அப்படியல்ல. பழைய சி மொழியில் அறிவிப்பு இல்லாத ஃபங்ஷன் ‘இன்ட்’ வகை மதிப்பைத் தருவதாகக் கம்பைலர் எடுத்துக்கொள்ளும். 64 பிட் கணினியில் இது ஆபத்து: முகவரியைத் திருப்பித் தரும் ஃபங்ஷனின் விடையில் பாதி வெட்டுப்பட்டுவிடும். சி99 இந்த வழக்கத்தை நீக்கியும் கம்பைலர்கள் எச்சரிக்கையோடு விட்டுவந்தன. 2020இல் ஆப்பிளின் எக்ஸ்கோட் 12, 2023இல் கிளாங் 16, 2024இல் ஜிசிசி 14 என வரிசையாக இது பிழையாக்கப்பட்டது. மொழியின் நலனுக்கு மிக நல்ல முடிவு இது. தாமதமாக வந்ததுதான் குறை. ஆனால் பழைய கான்ஃபிகர் சோதனை நிரல்கள் பலவற்றில் ‘எக்ஸிட்’ போன்றவை ஹெடர் இல்லாமலே அழைக்கப்பட்டிருந்தன. அவை இப்போது கம்பைல் ஆகா. கான்ஃபிகர் அதை ‘நோ’ என்று படிக்கிறது, அந்த வசதியை விட்டுவிட்டு நிரலை பில்ட் செய்கிறது, பில்டும் வெற்றி என்று முடிகிறது. பிழைச் செய்தி எங்கும் இல்லை.

இந்த மௌனத்தைத் தெரிந்தே பயன்படுத்தியவரும் உண்டு. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளிந்திருந்த பின்கதவை வெளிப்படுத்தினார். அதன்பின் நடந்த ஆய்வில், அந்த மென்பொருளை, கான்ஃபிகரைப் போலவே சோதனை நிரல்களால் விடை காணும் சிமேக் கருவியால் பில்ட் செய்வதற்கான கோப்பில் லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதியைச் சோதிக்கும் சிறு நிரலுக்குள் தனியாக ஒரு முற்றுப்புள்ளி செருகப்பட்டிருப்பது தெரியவந்தது. அதனால் அந்தச் சோதனை எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது. பாதுகாப்பு வசதி எப்போதும் ‘இல்லை’ என்றே பதிவாகும்.

பில்ட் செய்பவர்கள் இதற்கு எதிராகக் கையாளும் வழி ஒன்று உண்டு. ஜென்டூ லினக்ஸ் பராமரிப்பாளர்கள், கணினியில் கண்டதை வைத்துத் தானாக ஒரு வசதியைச் சேர்ப்பதையும் விடுவதையும் நெடுங்காலமாகக் குறையாகவே பதிவு செய்கிறார்கள். ஒவ்வொரு வசதிக்கும் ‘எனேபிள்’, ‘டிஸேபிள்’ என்ற வெளிப்படையான விருப்பம் வேண்டும் என்கிறார்கள். ‘எனேபிள்’ என்று கேட்ட வசதியின் சோதனை தோற்றால் ஒழுங்காக எழுதிய கான்ஃபிகர் அங்கேயே நின்றுவிடும். கம்பைலரை மாற்றும்போது பழைய, புதிய ‘கான்ஃபிக்.ஹெச்’ கோப்புகளை ‘டிஃப்’ கட்டளையால் ஒப்பிட்டால், ‘எஸ்’ஸிலிருந்து ‘நோ’வுக்கு மாறிய வரி உடனே தெரியும். பில்ட் வெற்றி பெற்றாலும் அந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டும்.